முதல் ஊசிக்கு முன் ஒரு சொட்டுச் சிறுநீர்: நாய்களுக்கு மருத்துவம் பார்ப்பவர்களுக்குத் திறந்த மடல்

தமிழ்நாட்டில் நாய்களுக்கு மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் அவர்களுடைய சங்கங்களுக்கும்,

சென்ற மாதம் எனக்கு மூன்று வரியில் ஒரு பதில் கடிதம் வந்தது. மருந்தினால் என் நாயின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைப் பற்றி, அவளுக்கு மருத்துவம் பார்த்த இடத்துக்கு நான் தேதிவாரியாக எழுதி, ஆய்வுச் சீட்டுகளின் நகல்களையும் இணைத்து அனுப்பியிருந்தேன். வயதான நாய்களுக்குச் சிறுநீரகக் கோளாறு வருவது இயல்பு என்றும், அறிகுறி எதுவும் இல்லாத நாய்க்கு முன்கூட்டியே சிறுநீரகப் பரிசோதனை செய்வது நடைமுறையில் இல்லை என்றும் அந்தப் பதில் சொன்னது. முதல் வாக்கியம் என் ஒரு நாயைப் பற்றியது. அதன்மேல் எனக்குள்ள மனக்குறையை நான் தாங்கிக்கொள்வேன். இரண்டாவது வாக்கியமோ ஒரு தொழிலின் வழக்கத்தைச் சொல்கிறது. என்னோடு பேசிய வேறு நான்கைந்து நாய் வளர்ப்பவர்களும் அதே வாக்கியத்தைத் தங்கள் ஊர்களில் கேட்டிருக்கிறார்கள் என்பதால், அந்த இடத்தின் பெயரையோ மருத்துவரின் பெயரையோ குறிப்பிடாமல், இந்தத் தொழிலில் உள்ள உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவம் படித்தவள் அல்லள். தென்காசி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 22 ஆண்டுகளாக ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். மனிதர்களின் ரத்தமும் சிறுநீரும்தான் எங்களுக்கு நாள்தோறும் வருவன. எந்த நோய்க்கு எந்த மருந்து என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் சுழற்றி எடுத்த சிறுநீர்ப் படிவை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, இது நல்ல சிறுநீரகத்திலிருந்து வந்ததா, அடிபட்ட சிறுநீரகத்திலிருந்து வந்ததா என்று சொல்லத் தெரியும். இந்த மடலில் நான் முன்வைக்கும் சாட்சியம் அந்த அளவுக்கு உட்பட்டது.

செம்பா நாட்டு நாய். இது நடந்தபோது அவளுக்கு ஒன்பது வயது, எடை 18 கிலோ. பின்னங்கால் மூட்டில் வலி வந்து மாடிப்படி ஏறச் சிரமப்பட்டதால் மெலாக்சிகாம் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு வாரமாகத் தினமும் ஒன்று கொடுத்துவந்தோம். அதற்கிடையில் தெருச்சண்டையில் விலாப்பக்கம் கடிபட்டு, புண் சீழ் வைத்து, காய்ச்சல் 104 டிகிரிக்குப் போய்விட்டது. இரண்டு நாளாகச் சோறும் தொடவில்லை, தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை. பங்குனி மாத வெயில் வேறு. மருத்துவர் புண்ணைச் சுத்தம் செய்து, ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசியை எட்டு நாள் தொடர்ந்து போடச் சொன்னார். வலி மாத்திரையையும் நிறுத்த வேண்டாம் என்றார். ரத்தம், சிறுநீர் ஏதாவது பார்த்துக்கொள்ளலாமா என்று நான் கேட்டேன். புண் காய்ச்சல்தானே, அதற்கெல்லாம் தேவையில்லை என்ற பதில் வந்தது. ஊசி போடும் முன் டிரிப்ஸ் ஏற்றவில்லை; எடையைக்கூட நான் சொன்னதை வைத்தே எழுதிக்கொண்டார்கள்.

நான்காம் நாள் செம்பா தண்ணீர்ச் சட்டியை நக்கிக் காலி செய்துவிட்டு, மறுபடி நிரப்பும்வரை அங்கேயே நின்றாள். அன்றிரவு முன்னறையில் குளமாகச் சிறுநீர் கழித்திருந்தாள். ஒன்பது ஆண்டுகளில் வீட்டுக்குள் அவள் அப்படிச் செய்தது அதுவே முதல்முறை. ஊசிக்குப் போனபோது இதைச் சொன்னேன். வெயில் காலம், காய்ச்சல் விட்டிருக்கிறது, தண்ணீர் குடிப்பது நல்லதுதான் என்றார்கள். அந்தப் பதிலில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் அப்போது பட்டது.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் விடிகாலையில் அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், அவள் குந்தியவுடன் பின்னாலிருந்து ஒரு குழிக்கரண்டியை நீட்டிச் சிறுநீரைப் பிடித்தேன். பெட்டை நாய்க்குச் சிறுநீர் பிடிப்பது அவ்வளவு சுலபம், இதற்கு ஊசியும் வேண்டாம் டியூபும் வேண்டாம். ஏழரை மணிக்கெல்லாம் லேபில் இருந்தேன். சிறுநீர் கிட்டத்தட்டப் பச்சைத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் அடர்த்தி 1.011. இரவெல்லாம் உணவில்லாமல் கிடந்த, உடம்பில் நீர் குறைந்த ஒரு நாயின் நல்ல சிறுநீரகம் 1.030க்கு மேல் அடர்த்தியாக்கித் தள்ளியிருக்க வேண்டும். 1.011 என்பது, வடிகட்டிய நீரைச் சிறுநீரகம் அடர்த்தியாக்காமல் விட்டுவிடுகிறது என்பதற்கான எண். ஸ்ட்ரிப்பில் சர்க்கரைக் கட்டம் இரண்டு பிளஸ் காட்டியது. உடனே வீட்டுக்குப் போய்க் காதோரத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தேன். ரத்தச் சர்க்கரை 92தான். பிறகு ஐந்து மில்லி சிறுநீரைச் சுழற்றி, அடியில் தங்கிய படிவைக் கண்ணாடித் தகட்டில் வைத்தேன். விளக்கை மங்கலாக்கிப் பார்த்தபோது ஒரு பார்வைப் புலத்துக்கு மூன்று, நான்கு என்று குருணை வார்ப்புகள் கிடந்தன. பழுப்பு நிறத்தில், முனை மழுங்கி, ரவையை அடைத்த சிறு குழாய்த் துண்டுகள் போல. எங்கள் தொழிலில் அவற்றைக் காஸ்ட் என்போம். கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அவைதாம்.

இது உங்களுக்குத் தெரிந்த பாடம் என்றாலும், இந்த மடலை நாய் வளர்ப்பவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். சிறுநீரகத்தில் வடிகட்டப்படும் நீரிலிருந்து சர்க்கரை, உப்பு, புரதம் போன்றவற்றை நுண்குழாய்கள் மீட்டெடுத்து ரத்தத்துக்குத் திருப்பி அனுப்புகின்றன. ஜென்டாமைசின், அமிகாசின் வகை மருந்துகளை இந்த நுண்குழாய்களின் முதல் பகுதியிலுள்ள செல்கள் உள்ளே இழுத்துச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. ரத்தத்தில் மருந்து இறங்கிய பிறகும் அங்கே அது தங்கியிருக்கும். அளவு மீறும்போது அந்தச் செல்கள் உரிந்து குழாய்க்குள் விழுகின்றன. உரிந்த செல்களின் சிதைவு குழாயின் வடிவிலேயே இறுகி வெளியே வருவதுதான் குருணை வார்ப்பு. ரத்தச் சர்க்கரை சரியாக இருக்கும்போதே சிறுநீரில் சர்க்கரை வந்தால், மீட்டெடுக்கும் வேலை நின்றுவிட்டது என்று பொருள். மெலாக்சிகாம் போன்ற வலி மாத்திரைகள் வேறு வழியில் சேதம் செய்கின்றன. உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குள் போகும் சிறு ரத்தக் குழாயைத் திறந்து வைத்திருப்பவை புரோஸ்டாகிளாண்டின்கள். வலி மாத்திரை அவற்றை அடக்கிவிடுகிறது. ஆகவே உண்ணாமலும் குடிக்காமலும் கிடக்கும் நாய்க்கு இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது, ரத்த ஓட்டம் குறைந்துபோன சிறுநீரகத்தின் மீது நஞ்சையும் ஏற்றுவதாகிவிடும்.

அன்று காலையில் ரத்தத்தில் கிரியேட்டினினும் பார்த்தேன். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு அது; சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும். 1.3 இருந்தது. நாய்க்கான இயல்பு வரம்பு என்று நாங்கள் குறித்து வைத்திருக்கும் தாளில் 0.5 முதல் 1.5 வரை என்று இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு பத்து மணிக்கு ஊசிக்குப் போனேன். மருத்துவர் சீட்டை வாங்கிக் கிரியேட்டினின் வரியை மட்டும் பார்த்தார். "நார்மல்தானே அம்மா, ஏன் பயப்படுகிறீர்கள்?" என்று கனிவாகத்தான் கேட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சையின்போது அவளுக்கு 0.7 இருந்தது என்று சொன்னேன். இரண்டுமே நார்மல் என்றார். காஸ்ட் இருக்கிறது என்று சொன்னதற்கு, காய்ச்சலில் அப்படி ஒன்றிரண்டு வரும் என்றார். படித்த மருத்துவர் சொல்லும்போது பரிசோதனைக் கூடத்தில் இருப்பவள் வாதாடக் கூடாது என்ற பழக்கம் 22 ஆண்டுகளில் என்னிடம் ஊறிப்போயிருந்தது. செம்பாவின் தலையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைய ஐந்தாவது ஊசியும், பிறகு ஆறாவது, ஏழாவது, எட்டாவது ஊசிகளும் போடப்பட்டன.

பத்தாம் நாள் மஞ்சள் வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்துவிட்டாள். கிரியேட்டினின் 5.4. நான்கு மணி நேரம் காரில் கொண்டுபோய் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். ஆறு நாள் டிரிப்ஸில் இருந்தாள், எண் 6.8 வரை ஏறியது, பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது. இன்று 3.1இல் நிற்கிறது, அதற்குக் கீழே இனி இறங்காது என்று சொல்லியிருக்கிறார்கள். பன்னாட்டுச் சிறுநீரக ஆர்வலர் குழுவான ஐரிஸ் வகுத்த படிநிலைகளின்படி இது நாள்பட்ட நோயின் மூன்றாம் நிலை. தினமும் காலையில் அவளுடைய தோள்பட்டைத் தோலைத் தூக்கிப் பிடித்து, தோலுக்கடியில் 200 மில்லி ரிங்கர் லாக்டேட் ஏற்றுகிறேன். ஊசி உள்ளே போகும்போது ஒருமுறை திரும்பி என் கையை நக்குவாள்.

வயதினால்தான் இப்படி ஆயிற்று என்ற பதிலை நான் ஏன் ஏற்கவில்லை என்று கேட்கலாம். ஊசி தொடங்கிய அன்று ஒரு சீட்டு எடுத்திருந்தால் அந்தப் பதிலை மெய்யென்றோ பொய்யென்றோ காட்டியிருக்கலாம். முதல் நாளிலேயே சிறுநீர் 1.011 ஆக இருந்திருந்தால், பழைய கோளாறு என்று நானே ஒத்துக்கொண்டிருப்பேன். அப்படி இருந்திருந்தால் அந்த ஊசியே எழுதப்பட்டிருக்காது. பரிசோதனையைத் தேவையில்லை என்று தள்ளிவிட்டு, பிறகு அந்தப் பரிசோதனை மட்டுமே சொல்லக்கூடிய ஒன்றை உறுதியாக எழுதி அனுப்புவது எந்த விதத்தில் நியாயம்?

"நார்மல்" என்ற சொல்லைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் செம்பாவைக் கைவிட்டது அந்தச் சொல்தான். நாயின் ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ நான்கு லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டும் நுண்ணலகுகள், உள்ளன. இவற்றில் முக்கால் பங்கு செயலிழந்த பிறகே கிரியேட்டினின் வரம்பைத் தாண்டும் என்பது உங்கள் பாடநூல்களிலேயே உள்ள செய்தி. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. பொமரேனியனுக்கும் கிரேட் டேனுக்கும் சேர்த்து ஒரே வரம்பை வைக்கும்போது அது அகலமாகத்தான் இருக்கும். தசை மிகுந்து, உடல் ஒடுங்கி ஓடும் வேட்டை நாய் இனங்களுக்குக் கிரியேட்டினின் இயல்பிலேயே கூடுதலாக இருக்கும். கிரேஹவுண்டில் இது நன்கு தெரிந்த செய்தி. வயதாகி மெலிந்த நாய்க்கோ தசை குறைந்துவிடுவதால், சிறுநீரகம் கெட்டிருந்தும் எண் தாழ்ந்தே நிற்கும். ஆகவே ஒரு நாயின் இயல்பு எது என்பதை, அதே நாய் நலமாக இருந்தபோது எடுத்த எண்தான் சொல்ல முடியும். கிரியேட்டினின் இரட்டிப்பாகி அங்கே நிலைத்தால் வடிகட்டும் திறன் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது என்று கொள்ளலாம். செம்பாவுக்கு 0.7இலிருந்து 1.3.

ஐரிஸ் குழுவின் வழிகாட்டுதல் இதையே இன்னும் நுணுக்கமாகச் சொல்கிறது. கிரியேட்டினின் வரம்புக்குள்ளேயே இருந்தாலும், 48 மணி நேரத்துக்குள் 0.3 மில்லிகிராம் உயர்ந்தால் அதைத் திடீர்ச் சிறுநீரகக் காயத்தின் முதல் நிலையாகக் கொள்ள வேண்டும். இரண்டு ஆண்டு இடைவெளியில் எடுத்த என்னுடைய இரண்டு எண்களை அந்த அளவுகோலின்மேல் நேரடியாக வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த எண்ணோடு சர்க்கரையும், காஸ்டும், நீர்த்த சிறுநீரும் ஒரே சீட்டில் இருந்தன. எஸ்.டி.எம்.ஏ. என்ற ரத்தச் சோதனை 2015 முதல் கால்நடை ஆய்வகங்களில் பயன்பாட்டுக்கு வந்திருக்கிறது. சராசரியாக 40 விழுக்காடு செயலிழப்பிலேயே அது உயரும். எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் அது கிடைப்பதில்லை, கிடைக்காததைக் கேட்டு நான் இந்த மடலை எழுதவும் இல்லை. சிறுநீரை நேரத்தோடு பார்த்தால், இந்த வகை மருந்துகளின் சேதம் கிரியேட்டினின் ஏறுவதற்குச் சில நாள் முன்பே தெரிந்துவிடும் என்பதற்கு என் கண் சாட்சி.

குற்றம் எங்கள் பக்கத்திலும் உண்டு. எங்களைப் போன்ற பல பரிசோதனை நிலையங்களில் நாயின் ரத்தத்துக்கும் மனிதருக்கான வரம்பையே அச்சிட்டுத் தருகிறோம். ஸ்ட்ரிப்பிலுள்ள அடர்த்திக் கட்டமும் வெள்ளணுக் கட்டமும் நாய்க்கு நம்பத் தகாதவை என்று தெரியாமல் அவற்றையும் எழுதிவிடுகிறோம். காலையில் பிடித்த சிறுநீரை மாலையில் பார்க்கிறோம். காஸ்ட் சில மணி நேரத்தில் கரைந்துபோகும், அதிலும் நீர்த்த சிறுநீரில் இன்னும் சீக்கிரம். பிறகு "படிவில் ஒன்றுமில்லை" என்று எழுதித் தருகிறோம். காஸ்ட் தென்படாததாலேயே காயமில்லை என்று ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

செலவைப் பற்றிச் சொல்வீர்கள். பரிசோதனை என்றாலே வளர்ப்பவர்கள் பின்வாங்குகிறார்கள், பணம் பறிப்பதாகச் சந்தேகப்படுகிறார்கள் என்று பல மருத்துவர்கள் என்னிடமே வருத்தப்பட்டிருக்கிறார்கள். அது உண்மை, நானும் அந்தச் சந்தேகப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். எங்கள் நிலையத்தில் முழுச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு 100 ரூபாய், கிரியேட்டினினுக்கு 150 ரூபாய் வாங்குகிறோம். செம்பாவின் ஆறு நாள் மருத்துவமனைச் செலவும் காரும் சேர்ந்து 31,000 ரூபாய் ஆனது. அந்த 250 ரூபாயை வேண்டாமென்று சொல்லும் உரிமை வளர்ப்பவருக்கு உண்டு, ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று அவரிடம் சொல்லப்பட வேண்டும். எனக்குச் சொல்லப்படவில்லை, நான் கேட்டபோதும் தேவையில்லை என்றே சொன்னார்கள்.

நோயே சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதும் சரியான வாதம்தான். எலிக்காய்ச்சல் தாக்கும், உண்ணிக் காய்ச்சலில் புரதம் ஒழுகும், சீழ்ப்பிடித்த காய்ச்சலே ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். இந்த வாதம் பரிசோதனையின் தேவையைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை. ஏற்கெனவே நோய் அரித்துக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தின்மேல் இன்னும் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்பதை எதை வைத்து முடிவு செய்வது? எங்கள் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் மிகுதி. அதில் ஒரு வகைக்குப் போடும் இமிடோகார்ப் ஊசியும் சிறுநீரகத்துக்கு ஆகாத மருந்துகளில் ஒன்று.

மனிதருக்கான புதிய மருந்துகள் பெரும்பாலும் சந்தைக்கு வருமுன் விலங்குகளில் சோதிக்கப்படுகின்றன. அதற்கு நாய்களைப் பயன்படுத்தும்போது பெரும்பாலும் பீகிள் இனத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்த நாய்களுக்கு முதல் வேளை மருந்துக்கு முன் ரத்தமும் சிறுநீரும் எடுத்துக் குறித்துவைக்கிறார்கள், மருந்து கொடுக்கும் காலத்திலும் முடிவிலும் மறுபடி பார்க்கிறார்கள். கிரியேட்டினின் மிகப் பிந்திய சாட்சி என்று கண்டதனாலேயே, 2008இல் அமெரிக்க, ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் சிறுநீரில் அளக்கக்கூடிய ஏழு புரதக் குறியீடுகளை எலிகள் மீதான மருந்துச் சோதனைகளுக்கு ஏற்றுக்கொண்டன. மனிதரின் சிறுநீரகத்தைக் காக்க, கூண்டிலுள்ள நாயின் சிறுநீரை இத்தனை கவனமாகப் பார்க்கிறார்கள். நோயாளியாக மேசைமேல் நிற்கும் நாய்க்கு அதில் பத்தில் ஒரு பங்கு கவனத்தைக் கேட்கிறேன்.

மருந்தும் விலங்கின் சிறுநீரகமும் நம் நாட்டுக்குப் புதிய சிக்கல் அல்ல. டைக்ளோஃபினாக் போட்ட மாடுகளின் பிணத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் வெள்ளைப் பொடியாகப் படிந்து செத்தன என்பது 2004இல் தெளிவானது. 2006இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதை இந்திய அரசு தடை செய்தது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசிகுளோஃபினாக் ஆகியவற்றையும் தடை செய்தது. எஞ்சிய சில பாறுகளை இன்று மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாதுகாக்கிறோம். அந்தக் கேட்டைக் கண்டுபிடித்தவர்கள் செத்த பறவைகளை அறுத்துப் பார்த்து, எழுதிவைத்து, எண்ணிக்கையைச் சேர்த்தவர்கள்தாம். நாய்களுக்கு நேர்வதை எழுதிவைக்கும் இடம் எதுவும் என் கண்ணுக்குத் தென்படவில்லை. மனிதருக்கு மருந்தினால் ஊறு நேர்ந்தால் தெரிவிக்க 2010 முதல் தேசியத் திட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் நாய் வளர்ப்பவரே மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு நேரடியாக எழுதலாம். பூனைகளுக்கு மெலாக்சிகாமைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சிறுநீரகம் செயலிழக்கும் என்ற கட்டமிட்ட எச்சரிக்கை 2010இல் அந்த மருந்தின் சீட்டில் ஏறியது, அப்படி வந்து சேர்ந்த புகார்களின் பயனாகத்தான். அங்கே நாய்க்கான வலி மாத்திரையோடு வளர்ப்பவருக்கு ஒரு தகவல் தாளும் கொடுக்கச் சொல்கிறார்கள். வாந்தி, பசியின்மை, வழக்கத்துக்கு மீறிய தாகம், சிறுநீரில் மாற்றம் இவற்றில் எதைக் கண்டாலும் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள் என்று அதில் இருக்கும். அந்தத் தாள் என் கையில் இருந்திருந்தால், நான்காம் நாள் இரவு முன்னறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே எனக்குப் புரிந்திருக்கும்.

நான் கேட்பவை இவை.

ஜென்டாமைசின், அமிகாசின், இமிடோகார்ப், பூஞ்சை நோய்க்கான ஆம்ஃபோடெரிசின், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் ஆகியவற்றில் எதையும் தொடங்குமுன்னும், வலி மாத்திரையை நாட்கணக்கில் எழுதுமுன்னும், நாயைத் தராசில் நிறுத்துங்கள். கிரியேட்டினினையும், ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி உட்பட முழுச் சிறுநீரையும் பாருங்கள். உயிர் போகும் அவசரமென்றால் ஊசிக்கு முன் ரத்தத்தையும் சிறுநீரையும் எடுத்து மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், முடிவு பிறகு வரட்டும். வாந்தி எடுக்கிற, உண்ணாத, தோல் வறண்ட நாய்க்கு முதலில் நீரை ஏற்றுங்கள். அந்த நிலையில் வலி மாத்திரையையும் ஜென்டாமைசினையும் ஒன்றாகக் கொடுக்காதீர்கள். சிறுநீர் பிரியவில்லையே என்று அதன்மேல், சிறுநீரைப் பெருக்கும் ஃப்யூரோசமைடையும் சேர்க்காதீர்கள். அது ஜென்டாமைசினின் நஞ்சைக் கூட்டும் என்பது நீங்கள் அறிந்ததே.

இந்த ஊசிகள் நடக்கும் நாட்களில் ஒன்றுவிட்டு ஒரு நாளாவது புதிதாகப் பிடித்த சிறுநீரை ஒரு மணி நேரத்துக்குள் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். காஸ்ட் வந்தாலோ, ரத்தச் சர்க்கரை சரியாக இருந்து சிறுநீரில் சர்க்கரை வந்தாலோ, கிரியேட்டினின் என்ன எண்ணைக் காட்டினாலும் அன்றைய ஊசியை நிறுத்தி மாற்று மருந்தை யோசியுங்கள். சேதம் ஊசி முடிந்த பிறகும் வெளிப்படக்கூடும் என்பதால், கடைசி ஊசியிலிருந்து ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். ஒவ்வொரு எண்ணையும் அந்த நாயின் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். அதற்காகத் தடுப்பூசி அட்டையிலேயே எடை, கிரியேட்டினின், சிறுநீர் அடர்த்தி மூன்றையும் தேதியோடு எழுதி, அட்டையை வளர்ப்பவர் கையில் கொடுத்துவிடுங்கள். நலமாக இருக்கும்போது ஆண்டுக்கு ஒருமுறை, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு வரும் அன்றே இதை எடுத்துவிடலாம்.

சங்கங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். எந்த அறிகுறியைக் கண்டால் மருந்தை நிறுத்த வேண்டும் என்பதையும், மனிதருக்கான இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் எளிய தமிழில் ஒரு பக்கத் தாளாக அச்சிட்டு, வலி மாத்திரை எழுதும் ஒவ்வொரு மருத்துவரின் மேசையிலும் இருக்கச் செய்யுங்கள். மருந்தினால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நாய்களைப் பற்றி மருத்துவரும் வளர்ப்பவரும் தெரிவிக்க ஒரு படிவம் வையுங்கள். பெயர்களை நீக்கி, மருந்து, அளவு, நாள், முன்பின் எண்கள் ஆகியவற்றை ஆண்டுதோறும் வெளியிட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் அனுப்புங்கள். உங்கள் அடுத்த பொதுக்குழுவில் இதை எடுத்துப் பேசி, ஏற்பதையும் ஏற்காததையும் காரணத்தோடு எழுத்தில் வெளியிடுங்கள்.

நாங்களும் செய்ய வேண்டியதைத் தொடங்கிவிட்டோம். எங்கள் நிலையத்தில் நாய்க்கான சீட்டைத் தனியாக அச்சிட்டிருக்கிறோம், சிறுநீர் பிடித்த நேரமும் பார்த்த நேரமும் அதில் இருக்கும். அந்தச் சீட்டு உங்கள் மேசைக்கு வரும்போது கடைசி வரிவரை படியுங்கள். சந்தேகம் இருந்தால் சீட்டின் கீழே உள்ள எண்ணில் எங்களை அழையுங்கள், தகட்டை எடுத்து வைத்திருப்போம். செம்பாவின் 14 சீட்டுகள், 0.7 முதல் 3.1 வரை, தேதி வரிசையில் என்னிடம் இருக்கின்றன. கல்லூரியில் பாடம் எடுப்பவர்கள் உங்களில் யாராவது இருந்தால், அவற்றை வாங்கிக்கொண்டு போய், ஐந்தாம் நாள் சீட்டை மட்டும் மாணவர்களிடம் கொடுத்து, அன்றைய ஊசியைப் போடுவார்களா என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்,
தென்காசி மாவட்டம்.